மலைமேல் முழு இழுவை: வேகக் கார் ஓட்டுவோரின் கேள்விகள்

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 2 லிட்டர் பெட்ரோல் கார். கோவையில் பாய்கிறது, ஊட்டி வந்தால் இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றினால் சரியாகுமா? (ஊட்டி)

ஆகாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்று எவ்வளவோ, சக்தியும் அவ்வளவே. 150 பிஎச்பி கார் ஊட்டியில் 115, 120 பிஎச்பி காராகிவிடும். விலை உயர்ந்த ஃபில்டர் ஓரிரு பிஎச்பி கொடுக்கலாம், மலை எடுத்துக்கொண்ட முப்பதைத் திருப்பித் தராது.

இருப்பதை முழுதாகப் பயன்படுத்த ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்றை (ஆர்பிஎம்) மேலே வைத்து ஏறுங்கள். 1,500 சுற்றில் டாப் கியரில் மிதித்து அழுத்துவதைவிட, இரண்டாம் கியரில் 3,500 சுற்றில் ஏறுவது எஞ்சினுக்கும் நல்லது. சந்தேகம் தீரவில்லை என்றால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் கவனியுங்கள். அங்கே இழுவை திரும்பிவிட்டால் எஞ்சினில் குறையில்லை. அங்கேயும் மந்தமாக இருந்தால்தான் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று தேட வேண்டும்.

இந்த எஞ்சினுக்கு மலைமேல் 100 ஆக்டேன் பெட்ரோல் வீண் செலவு. பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங்கைத் தடுப்பதுதான் ஆக்டேனின் வேலை, மெல்லிய காற்றில் அந்த நாக்கிங் குறைவு. ஆனால் கையேடு சொல்லும் ஆக்டேனுக்குக் கீழே போகாதீர்கள், அதே டேங்கோடுதானே சமவெளிக்கு இறங்குவீர்கள்.

2 லிட்டர் டர்போ பெட்ரோல், சமவெளியில் ஸ்டேஜ் 1 ரீமேப் (சக்தி கூட்ட எஞ்சின் மென்பொருளை மட்டும் மாற்றுவது) செய்தது. வத்தலகுண்டிலிருந்து ஏறும்போது பாதி வழியில் எஞ்சின் விளக்கு எரிந்து சக்தி போய்விடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது. அப்படியே ஓட்டலாமா? (கொடைக்கானல்)

ஓட்டக் கூடாது. அணைத்துப் போடுவதால் எச்சரிக்கைதான் மறைகிறது, காரணம் அப்படியே இருக்கிறது.

வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட். சமவெளியில் வெளிக்காற்று ஏறத்தாழ 1 பார், அதோடு 1 பார் பூஸ்ட் என்றால் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது. கொடைக்கானல் உயரத்தில் வெளிக்காற்றே 0.78 பார் அளவுதான். அதே அழுத்தம் எஞ்சினுக்குள் போக டர்போ 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்காக அதன் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், உள்ளே போகும் காற்று சூடாகும், எக்சாஸ்டும் சூடாகும். கம்பெனி மென்பொருள் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, ஓர் எல்லைக்கு மேல் பூஸ்டைத் தானே குறைத்துக்கொள்ளும். மட்டமான ரீமேப்பில் அந்த உயரத் திருத்தத்தையே நீக்கியிருப்பார்கள். டர்போ பேரிங் இப்படியும் போகும்.

முதலில் ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) பிழைக் குறியீட்டைப் பாருங்கள். பி0299 என்றால் கேட்ட பூஸ்ட் வரவில்லை, பி0234 என்றால் அளவுக்கு மீறி வந்தது. பி0299 என்றால் ரீமேப்பைக் குறை சொல்லும் முன் புகைச் சோதனை (காற்றுக் குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவு தேடுவது) செய்யுங்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க் கிளாம்ப் தளர்ந்திருந்தால் சமவெளியில் டர்போ அதைச் சமாளித்துவிடும், மலையில் முடியாது. கசிவு இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ரீமேப் செய்த டர்போ எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் (வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும் வகை), 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளி பொதுவாகப் பொருந்தும்.

அதற்குப் பிறகும் வந்தால் கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றி அதே மலையை ஏறுங்கள். சரியாக ஏறினால் குற்றம் ரீமேப்பில். டியூன் செய்தவரிடம் கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், சிலிண்டர்வாரியாக இக்னிஷன் பின்வாங்கல் (நாக்கிங்கைத் தவிர்க்க எஞ்சின் தீப்பொறியைத் தாமதிப்பது), உள்காற்று வெப்பம் ஆகிய நான்கின் பதிவையும் கொடுங்கள். பின்வாங்கல் ஓரிரு டிகிரி இருப்பது இயல்பு. எல்லா சிலிண்டரிலும் நான்கைந்து டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

பனிக்காலக் காலையில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்து சூடேற்ற வேண்டும்? (தலைக்குந்தா)

அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டியபடியே சூடேற்றுங்கள், 2,500 சுற்றுக்கு மேல் வேண்டாம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததை நம்பி மிதிக்காதீர்கள், ஆயில் சூடாக அதன்பிறகும் பல நிமிடம் ஆகும். ஆயில் வெப்பம் 80 டிகிரி தாண்டிய பிறகுதான் முழு மிதி.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும்) காரில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, கையேட்டுக் கெடுவில் பாதியிலேயே ஆயில் மாற்றுங்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை, பெடல் ஆழமாகப் போகிறது. பெரிய டிஸ்க் போட வேண்டுமா? (கோத்தகிரி)

முதலில் இறங்கும் முறையை மாற்றுங்கள். கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 1,450 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் எட்டு லிட்டருக்கும் மேல் தண்ணீரை முழுதாக ஆவியாக்கப் போதும். எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கெல்லாம் டிஸ்க்கில் வெப்பமாகத்தான் இறங்கும். ஆட்டோமேட்டிக்கை 'டி'யில் விடாமல், மேனுவல் நிலையில் இரண்டாம் கியருக்குக் கொண்டுவாருங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, உடனே விடுங்கள்.

பெடல் ஆழமாகப் போவது பிரேக் ஆயில் கொதிப்பதன் அடையாளம். டாட் 4 எனும் தரத்திலுள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி தாங்கும். ஈரம் இழுத்த பிறகு அதற்கான தர வரம்பு 155 டிகிரி மட்டுமே. மழையும் மூடுபனியுமான ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் நல்ல பேட், கடைசியாகத்தான் பெரிய டிஸ்க்.

வழியில் பெடல் தளர்ந்துவிட்டால் வேகவேகமாக மிதித்து விட்டு, கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள்.

கூலன்ட் பொங்குகிறது. ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றும் மாற்றியாயிற்று. (வெலிங்டன்)

ரேடியேட்டர் மூடியை மாற்றினீர்களா? சில நூறு ரூபாய்ப் பொருள்தான், மலையில் அதுதான் உயிர். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், தெர்மோஸ்டாட் திறப்பதே கிட்டத்தட்ட 90-ல். அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி கொதிநிலையை 118 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. ரப்பர் கெட்டால் அந்த அரண் போச்சு. வெறும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. எஞ்சின் முழுதாக ஆறிய பின் மட்டும் மூடியைத் திறங்கள்.

சமவெளியில் டயரில் 33 பிஎஸ்ஐ காற்று பிடித்தால் மலையில் எவ்வளவு காட்டும்? (குன்னூர்)

ஏறக்குறைய அதேதான். வெளியழுத்தம் குறைவதால் ஓரிரண்டு பிஎஸ்ஐ கூடும், குளிரால் அதே அளவு குறையும். காலையில், வண்டி ஓடுமுன் அளந்து, கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

ஒருமுறையாவது முழுதாக மிதித்துப் பார்க்க கல்லட்டி சாலை சரிவருமா? (கூடலூர்)

வேண்டவே வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான சரிவு, எதிரே யானையும் வரலாம், பஸ்ஸும் வரலாம். கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது, டிராக் நாள் விசாரித்துப் போங்கள். போகுமுன் பிரேக் ஆயில் புதிதாக மாற்றி, எஞ்சின் ஆயில் மட்டத்தை மேல்கோட்டில் வைத்து, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்குங்கள். காருக்குள் உதிரியாக எதுவும் இருக்கக் கூடாது. தடத்தை மூன்று நான்கு சுற்று ஓட்டியதும் ஒரு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல், எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.