அடிதடி வழக்கு, குண்டாஸ், எதிர்வாதம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வக்கீலின் பதில்கள்

முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். எண்கள் மாறிவிட்டன, தற்காப்பு மாதிரியான விதிவிலக்குகள் பெரும்பாலும் பழையவையே.

வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து என் மண்டையை உடைத்தார். நான் தள்ளியதில் அவருக்குக் கை முறிந்தது. எஃப்.ஐ.ஆர். என் மேல் மட்டும். "நான் தொடவே இல்லை" என்று சொல்லிவிடலாமா சார்? (பல்லடம்)

வேண்டாம். அவர் கையில் எலும்பு முறிவு, அதற்கு எக்ஸ்-ரே, பார்த்த சாட்சி என்று எல்லாம் இருக்கும்போது தொடவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? உங்களுடையது தற்காப்பு, "தள்ளினேன், ஏனென்றால் அவர் மண்வெட்டியை ஓங்கினார்" என்பதுதான் வாதம், பிரிவு 34-இல் இருந்து அது வருகிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு உங்கள் தலைத் தையலைவிட நல்ல சாட்சி ஏது? அரசு மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். காப்பியை (காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகல்) உடனே வாங்கி வையுங்கள். குற்றம்சாட்டப்பட்டவர் உடம்பில் அதே சம்பவத்தில் பெரிய காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு வாயே திறக்காவிட்டால் வழக்கு பலவீனமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது.

எதிர்ப் புகாரும் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அப்புறம், எஃப்.ஐ.ஆரில் கெட்ட வார்த்தைக்கு 296(பி), கொலை மிரட்டலுக்கு 351 இருக்கிறதே என்று பதற வேண்டாம். நம் ஊர் அடிதடி வழக்குகளில் அவை சமையலில் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் இருக்கும்.

ராத்திரி வீடு புகுந்த திருடனை அடித்தால் நம் மேலேயே கேஸ் போடுவார்களாமே?

போடலாம். எப்போது அடித்தீர்கள் என்பதுதான் கேள்வி. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன், பூட்டை உடைத்து உள்ளே வருபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் சட்டம் உங்களைக் காப்பாற்ற இடமுண்டு (பிரிவு 41). ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37 சொல்கிறது. அவனைப் பிடித்து, மின்கம்பத்தில் கட்டி, தெருவே கூடி ஆளுக்கு நாலு போடுகிறீர்கள் பாருங்கள், அது தற்காப்பே இல்லை. ஆள் செத்தால் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதுதான்.

குடிபோதையில் அடித்துவிட்டான், அவனுக்கு எதுவும் நினைவில்லை. அதைச் சொல்லி விடுவிக்க முடியுமா?

முடியாது. யாராவது அவனுக்குத் தெரியாமல் கலந்து கொடுத்திருந்தாலோ, கட்டாயப்படுத்தி ஊற்றியிருந்தாலோ பேசலாம். தானாகக் குடித்தவனை, தெளிவாக இருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவனாகவே சட்டம் பார்க்கும்.

சம்பவம் நடந்த அன்று நான் ஓசூரில் ஷிஃப்டில் இருந்தேன். ஊரில் நடந்த சண்டையில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

இதை இன்றைக்கே செய்யுங்கள். கம்பெனி கேமரா பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். அந்தத் தேதிப் பதிவையும் வருகைப் பதிவையும் எடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வெறும் பென்டிரைவ் செல்லாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் (மின்னணுப் பதிவுக்கான சான்று) கூடவே வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு ஆதாரம் இறுக்கமாக இருக்க வேண்டும்; காலையில் பஞ்ச் அடித்தேன், சண்டை ராத்திரி நடந்தது என்றால் பிரயோஜனமில்லை. இதை விசாரணை அதிகாரியிடம் இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், கடைசியில் எடுத்து நீட்டினால் ஜோடித்தது என்பார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், இந்த மாதிரி ஆதாரத்தைப் பொதுவாக "விசாரணை நீதிமன்றத்தில் காட்டு" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கதை முடிந்ததா?

இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது. ஆனால் அதில் நீங்கள் சொன்ன தகவலை வைத்துப் பொருள் ஏதாவது எடுத்திருந்தால், அந்தத் துண்டு மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். வெற்றுத்தாளில் வாங்கினார்கள் என்றால் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகும் முதல் நாளே சொல்லுங்கள்.

என் மகனைக் குண்டாஸில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் போட முடியாது என்கிறார் வக்கீல். அவன் தப்பே செய்யவில்லை ஐயா.

வக்கீல் சொல்வது சரிதான் அம்மா. பாரதிய நியாய சன்ஹிதா நாடு முழுக்க ஒன்று, குண்டாஸ் நம் மாநிலச் சட்டம், 1982-இல் வந்தது. இது தண்டனை இல்லை, தடுப்புக் காவல். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ ஆணை போட்டாலே உள்ளே வைக்கலாம், ஓராண்டு வரை. (எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடு கிடையாது, அது வேறு பேச்சு.) விசாரணையே இல்லாத இடத்தில் தப்பு செய்தானா இல்லையா என்ற வாதம் எடுபடாது. காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தில் வக்கீல் வைத்து வாதாட உரிமையும் இல்லை, மகனே பேச வேண்டும். உங்கள் வழி ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதக் காவலில் இருப்பவரை விடுவிக்கக் கேட்பது), உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்விலோ மதுரைக் கிளையிலோ. ஆணைகள் அங்கே உடைவது பெரும்பாலும் நடைமுறைக் கோளாறில்: கொடுத்த நகலில் பக்கங்கள் படிக்க முடியாமல் இருப்பது, தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தராதது, காவலை ரத்து செய்யக் கேட்டு அரசுக்குக் கொடுத்த கோரிக்கை மனுவைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டது. ஆகவே அவனுக்குக் கொடுத்த ஆவணக் கட்டை அப்படியே, ஒரு தாளும் பிரியாமல் வக்கீலிடம் கொடுங்கள். அரசுக்கு இந்த வாரமே கோரிக்கை மனுவை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தாமதத்தைக் கணக்கிடுவது அந்தத் தேதியில் இருந்துதான்.