கரைப்பானை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த உங்கள் மகள் பிஎச்.டி. சேரப் போகிறார், தலைப்பு 'ஃப்ரீ ராடிக்கல் கோபாலிமர் வினையின் வேகத்தில் கரைப்பானின் பங்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். "இதை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியில் போய் வேலை கேட்பது, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா?" என்பது உங்கள் கவலை. பி.எட். பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கோபாலிமர் என்றால் இரண்டு வகை மோனோமர்கள், அதாவது கண்ணிகளாகச் சேரும் சிறு மூலக்கூறுகள், கலந்து வளரும் சங்கிலி. வளரும் முனையில் இணையில்லாத எலக்ட்ரான் இருந்தால் அது ஃப்ரீ ராடிக்கல் வினை; கரைப்பான் என்பது இவற்றைக் கரைத்து வைக்கும் திரவம். எது எவ்வளவு சேரும் என்று கணக்கிட 1944இல் மேயோவும் லூயிஸும் தந்த சமன்பாட்டைத்தான் இன்றும் கல்லூரியில் நடத்துகிறார்கள். அதில் கரைப்பானுக்கு இடமே கிடையாது. ஸ்டைரீனையும் மெத்தில் மெத்தாக்ரிலேட்டையும் டொலுயீனில் சேர்த்தால் கணக்கு பெரிதாகத் தப்பாது. ஸ்டைரீனோடு மெத்தாக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்தால் கதை வேறு. கரைப்பானை மாற்றினால் விடையும் மாறிவிடும். 1987இல் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்து ஹார்வுட் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: வளரும் சங்கிலி தனக்கு ஒத்துப்போகும் மோனோமரைத் தன்னைச் சுற்றிக் கூட்டிக்கொள்கிறது. குடுவையில் நாம் ஊற்றிய விகிதம் ஒன்று, சங்கிலியின் முனைக்குக் கிடைப்பது இன்னொன்று.

வேகத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. தனி மெத்தாக்ரிலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைப்பானே இல்லாதபோது இருப்பதைவிட, நீர்த்த தண்ணீர்க் கரைசலில் சங்கிலி வளரும் வேக மாறிலி சுமார் பத்து மடங்கு அதிகம். வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, அதாவது கிளர்வு ஆற்றல், அதிகம் மாறுவதில்லை. சுற்றிலும் மோனோமரே நெருக்கியிருந்தால் ஹைட்ரஜன் பிணைப்புகள் வினைபுரியும் முனையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கின்றன, தண்ணீர் சூழ்ந்தால் அந்தப் பிடி தளர்கிறது. ஒரே மோனோமருக்கே இப்படி என்றால், இரண்டு கலந்தால் எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள்.

இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயமில்லை. கான்கிரீட்டை இளக்கக் கலக்கும் பாலிகார்பாக்சிலேட், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் போடும் அக்ரிலிக் சின்டான் (செயற்கைப் பதனிடு பொருள்) எல்லாம் இந்தக் குடும்பம்தான். சைலீன் போன்ற கரைப்பான்களைக் குறைத்துத் தண்ணீருக்கு மாற பெயின்ட் தொழிலும் முயல்கிறது. கரைப்பான் மாறினால் வேகம், மூலக்கூறு எடை, ரியாக்டரில் கிளம்பும் சூடு எல்லாமே மாறும். அதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இந்தத் தலைப்புக்கென்றே நம் ஊரில் வேலை விளம்பரம் வராது. பாலிமர் ஆர் அண்ட் டி வேலைகள் பலவும் மும்பை, புனே பக்கம்தான். வெளியூர் அனுப்ப மனம் இருக்கிறதா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

தலைப்பைவிட வழிகாட்டியை விசாரிப்பது முக்கியம். மூலக்கூறு எடையை அளக்கும் ஜிபிசியும் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரும் அங்கேயே இருக்கின்றனவா, மாதிரியை வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா? வினையைத் தொடக்கத்திலேயே, பத்து சதவீத மோனோமர் பாலிமராக மாறுவதற்குள் நிறுத்தி அளக்கச் சொல்லித் தருவார்களா? மோனோமர்கள் ஒரே வேகத்தில் தீர்வதில்லை, அதனால் தாமதித்து அளந்தால் எளிய கணக்கு கெட்டுவிடும். பத்து கரைப்பானில் பத்து அட்டவணை போட்டு ஆய்வேடு முடிக்கிற இடமா? அப்படியானால் வேண்டாம். அந்த ஆய்வகத்தில் முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். சென்னையிலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இரண்டு இடங்களின் அறிவிப்புகளையும் பார்த்து வரட்டும்.

சரி, பி.எட். பள்ளி ஆசிரியர் வேலையில் அவருக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேரட்டும். ஆய்வுக்குப் பயந்து மட்டும் வேண்டாம். முதலில் சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வு எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும், உங்கள் கையிலிருந்து செலவு அதிகம் இருக்காது. அதுவும் இல்லை, வழிகாட்டியிடம் ப்ராஜெக்ட் நிதியும் இல்லை என்றால் இந்த முறை சேர வேண்டாம், அடுத்த நெட் தேர்வு வரை பொறுங்கள்.