ஸ்பானியர் வருவதற்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களிடம் பணமே கிடையாதாமே, அப்படியானால் மக்கள் வெறும் மதுவுக்காகவா அரசனிடம் வேலை செய்தார்கள்?

"ஒரு குவளைக்கு உழைத்த கூட்டம்" என்று ஏதாவது காணொளியில் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்.

வேலை நிமித்தம் பெருவில் இருந்தபோது, உருபம்பா பள்ளத்தாக்கில் ஒரு சிச்சா கடைக்கு உள்ளூர் நண்பர் கூட்டிப்போனார். வாசலில் நீளக் கழியின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை. சிச்சா தயார் என்று அர்த்தம். முளைகட்டிய மக்காச்சோளத்தை அரைத்து, காய்ச்சி, புளிக்கவைத்தது. மேலே நுரை, உள்ளே இளம்புளிப்பு. நண்பர் டம்ளரை வாங்கியதும் மண்தரையில் கொஞ்சம் ஊற்றினார், பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு. அப்புறம்தான் குடித்தார். கூட வந்த ஒருவர் "எதுக்கு வேஸ்ட் பண்றீங்க?" என்று சிரித்தார். பாஷை புரியாவிட்டாலும் கடைக்கார அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தவருக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் வரவே இல்லை.

இன்கா காலத்திலும் இந்த மரியாதைதான் அடிப்படை. மிட்டா முறையில் ஊர் மக்கள் முறைவைத்து அரசுக்கு உழைத்தார்கள். கூப்பிட்டவன் சாப்பாடு போட்டு, சிச்சா ஊற்ற வேண்டும். வானுகோ பாம்பா என்ற இன்கா நிர்வாக நகரில் ஏறக்குறைய 500 சேமிப்புக் கிடங்குகள் இருந்தன. சதுக்கத்தை ஒட்டிய கட்டடங்களில் பெரிய சிச்சா ஜாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கேரோ குவளைகளை ஜோடியாகத்தான் செய்வார்கள்: ஒன்று கொடுப்பவருக்கு, இன்னொன்று வாங்குபவருக்கு. செத்துப்போன அரசர்களுக்கும் பங்கு உண்டு. பதப்படுத்திய அவர்களுடைய உடல்களைத் தலைநகர் குஸ்கோவின் சதுக்கத்தில் உட்காரவைத்து, உணவை எதிரே எரித்துப் படைத்து, சிச்சாவும் வைத்ததை, படையெடுப்பில் வந்த ஸ்பானியர் பெத்ரோ பிசாரோ எழுதியிருக்கிறார்.

ஸ்பானியர் வந்தபிறகும் இது போகவில்லை. 1560களில் வடக்குக் கடற்கரையில் ஓர் அதிகாரி சிச்சாவுக்குக் கட்டுப்பாடு போட்டபோது, அதைக் கொடுப்பதால்தான் ஜனங்கள் தங்கள் சொல் கேட்கிறார்கள் என்று ஊர்த்தலைவர்களே முறையிட்டார்கள்.

"அப்போ அடக்குமுறையே இல்லையா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருந்தது. சிச்சா காய்ச்சிய அக்லா பெண்களை, அதாவது அரசுக்கென்று தேர்ந்தெடுத்த பெண்களை, சிறுவயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள்; ஊர் ஊராக மக்களை இடம் மாற்றினார்கள். விருந்து அதையெல்லாம் மூடி மறைக்கவும் உதவியது. ஆனாலும் கையை நனைக்க வைக்காமல் வேலை வாங்குவது அங்கே அசிங்கம்.

என் பழைய மேலாளர் ஒருவருக்கு அந்த அசிங்கம்கூடக் கிடையாது. சனிக்கிழமை வேலைக்கு வரச்சொல்லிவிட்டு, "சாப்பாட்டை அவங்கவங்க பாத்துக்கங்க" என்பார். காபி மெஷினுக்கும் அன்றைக்குப் பூட்டு. ஓவர்டைம் பணம் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.