சீரியல் எடிட்டராக இருந்து சினிமா, ஊடக ஆய்வுக்குப் போக முடியுமா?

வாசகியின் கேள்வி: வயது 28. சொந்த ஊர் மதுரை. விஸ்காம் படித்துவிட்டு, இதழியல் மற்றும் தொடர்பியலில் எம்.ஏ. முடித்தேன், 58 சதவீத மதிப்பெண். சென்னையில் சீரியல் எடிட்டராக ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் சினிமாவும் தொலைக்காட்சியும் கற்பிக்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசை. தமிழ் சீரியல்களில் பெண்களின் சித்தரிப்பு என்ற தலைப்பில் பிஎச்.டி. செய்ய நினைக்கிறேன். கையில் இருக்கிற வேலையை விடாதே என்கிறார்கள் வீட்டில். எங்கிருந்து தொடங்குவது? வெளிநாடு போனால்தான் மதிப்பா?

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள். தலைப்பை மட்டும் மாற்றச் சொல்வேன், அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். சீரியலை உள்ளே இருந்து ஐந்து வருடம் பார்த்த நீங்கள், வெளியில் இருந்து பார்க்கும் யாரும் எழுதிவிடக்கூடிய ஒரு ஆய்வை எழுதினால் அது பெரிய இழப்பு.

முதலில் தகுதி விஷயம். சினிமா ஆய்வு என்ற பெயரிலேயே துறை வைத்திருக்கும் இடங்கள் இந்தியாவில் குறைவு. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993இல் அப்படி ஒரு துறையைத் தொடங்கியது. டெல்லி ஜேஎன்யூவில் கலை, அழகியல் புலத்துக்குள் சினிமா ஆய்வு நடக்கிறது. ஹைதராபாத் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் (இஃப்ளூ) திரைப்படத்துக்கும் காட்சிப் பண்பாட்டுக்கும் துறை உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் (டிஸ்) ஊடகமும் பண்பாடும் சேர்ந்த ஒரு புலம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலை அறிவிப்புகள் வருவதோ விஸ்காம், இதழியல், மின்னணு ஊடகம் போன்ற பெயர்களில்தான். அங்கே சினிமாவும் தொலைக்காட்சியும் சில தாள்களாக இருக்கும். விளம்பரம், புகைப்படம், மக்கள் தொடர்பு என்று மற்றதையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். சினிமா மட்டும்தான் கற்பிப்பேன் என்றால் வேலை கிடைப்பது கடினம்.

விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் பார்ப்பது மூன்று: பொருத்தமான பாடத்தில் முதுகலை, அதில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் போன்ற தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2023 ஜூலையில் விதியைத் திருத்தியது. ஆனால் போட்டிக்கு வருகிறவர்களில் பலரிடம் இரண்டும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நெட்டில் உங்கள் பாடம் மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் சினிமாவுக்கும் காட்சித் தொடர்பியலுக்கும் ஒன்றுதான். எனவே நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டியது பத்திரிகைச் சட்டம், வளர்ச்சித் தொடர்பியல், ஆய்வுமுறை ஆகியவற்றுக்கு. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாளின் தர்க்கத்தையும் கணக்கையும் விஸ்காம் பின்னணி உள்ளவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். நெட்டில் மேலான மதிப்பெண் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஜேஆர்எஃப்பை ஏன் குறிவைக்க வேண்டும் என்றால், அதுதான் உங்கள் வீட்டுக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு மூத்த ஆய்வாளராக (எஸ்ஆர்எஃப்) 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. ஜேஆர்எஃப்புக்குப் பொது வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. உங்களுக்கு இன்னும் சில வாய்ப்புகள் இருக்கின்றன, பதற வேண்டாம். 2024இலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கையும் நடக்கிறது. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணில் 70 சதவீதமும் நேர்காணலில் 30 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யூஜிசி அளவில் நியமிக்கப்படும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தமிழ்நாட்டில் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது. அங்கே சம்பளத்தை நிர்வாகம் தீர்மானிக்கிறது. இப்போது எடிட்டிங்கில் நீங்கள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் யூஜிசி சொன்னது. நடைமுறையில் பல கல்லூரிகள் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. நெட் கையில் வரும்வரை எடிட்டிங்கை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, தலைப்புக்கு வருவோம். சித்தரிப்பு ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். நான்கு சீரியல்களை எடுத்து, யார் அழுகிறாள், யார் சூழ்ச்சி செய்கிறாள் என்று அட்டவணை போட்டு, பெண்ணை அடக்கியே காட்டுகிறார்கள் என்று முடிப்பார்கள். இந்த முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். ஷோத்கங்கா தளத்தில் இந்திய பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பை ஒட்டிய சொற்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள், எவ்வளவு நெரிசலான இடம் என்று புரியும்.

தமிழ் சினிமா ஆய்வில் இன்றும் நிற்கிற வேலைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றைச் செய்த பலர் சினிமாத் துறைப் பேராசிரியர்கள் இல்லை. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. நாடகமும் கிராமபோன் பாட்டும் சினிமாவும் தேசிய அரசியலை எப்படிச் சுமந்து சென்றன என்பது அவர் கேள்வி. அதற்கான நூல் 1981இல் வந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரம் படித்தவர். எம்.ஜி.ஆர். ஆட்சியின் பொருளாதாரக் கொள்கைகள் ஏழைகளுக்குப் பெரிதாக எதுவும் செய்யாதபோதும் ஏழைகள் ஏன் அவரைக் கொண்டாடினார்கள் என்ற புதிரோடு பாண்டியன் எம்.ஜி.ஆர். படங்களுக்குள் போனார். நூல் 1992இல் வந்தது. உங்கள் மதுரைக்கே வந்து தங்கி, ரசிகர் மன்றங்களையும் நகர்ப்புற ஏழைகள் சினிமா பார்க்கும் விதத்தையும் ஆராய்ந்து 1993இல் புத்தகமாக எழுதியவர் சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர். மூவரும் வெவ்வேறு துறைக்காரர்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தது. விடையைத் தேடிப் போக ஒரு இடமும் இருந்தது.

உங்களிடம் அப்படி ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. வியாழக்கிழமை, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் நிறுவனத்தின் டிஆர்பி வருகிறது. அன்று யூனிட்டில் என்ன நடக்கிறது? சேனலில் இருந்து யார் யாருக்குப் போன் வருகிறது? ஒரு ட்ராக் சட்டென்று முடிக்கப்படுவதும், ஒரு பாத்திரம் வெளியூர் அனுப்பப்படுவதும், நேற்றுவரை எதிர்த்துப் பேசிய மருமகள் இன்று மன்னிப்புக் கேட்பதும் யாருடைய முடிவு? எபிசோட் கையிருப்பு குறைந்தால் எடிட்டர் ஒரு ரியாக்ஷனை எவ்வளவு நீட்டுகிறார்? இதை நேரில் பார்த்தவர்கள் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் பார்த்ததில்லை. பெண்களின் சித்தரிப்பு என்ற உங்கள் அக்கறை இதில் காணாமல் போகாது. அந்தச் சித்தரிப்பு எந்த மேசையில், எந்தக் கெடுவுக்குள் உருவாகிறது என்று காட்டுகிற ஆய்வாக அது மாறும். உலக அளவில் தயாரிப்புப் பண்பாட்டு ஆய்வு என்று ஒரு கிளை வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜான் கால்டுவெல் 2008இல் எழுதிய நூலை அதில் முதலில் படியுங்கள். ஹாலிவுட்டின் எடிட்டர்களும் கேமராக்காரர்களும் தங்கள் வேலையைப் பற்றித் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையே அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இது மிகவும் பிடித்தது. வங்காளத்தில் ஓடிய ஸ்ரீமோயி சீரியல் தமிழில் பாக்கியலட்சுமி ஆனது, இந்தியில் அனுபமா ஆனது. தமிழின் பாண்டியன் ஸ்டோர்ஸ் இந்திக்குப் போய் குஜராத்திக் குடும்பத்தின் பாண்டியா ஸ்டோர் ஆனது. ஒரே கதை ஊர் மாறும்போது சமையலறை, மாமியாரின் பேச்சு, சாதியின் அடையாளங்கள், மணவிலக்கு பற்றிய பேச்சு எல்லாம் எப்படி மாற்றப்படுகின்றன? யார் மாற்றுகிறார்கள்? இந்த ஆய்வுக்குப் பொருள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களுக்கு இன்னொரு மொழி தெரிந்தால் இன்னும் நல்லது.

பொருள் கைக்கு எட்டுமா என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைக்காட்சி ஆய்வில் பலர் சறுக்குவது இங்கேதான். சென்னையில் தூர்தர்ஷன் 1975இலும் சன் டிவி 1993இலும் தொடங்கின. ஆனால் அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை வரிசையாக உட்கார்ந்து பார்க்க ஆய்வாளருக்குப் பொது ஆவணக்காப்பகம் எதுவும் இல்லை. இணையத் தளங்களில் இருக்கும் எபிசோடுகளும் ஒருநாள் காணாமல் போகலாம். பார்த்ததைத் தேதி, எபிசோட் எண்ணோடு குறித்து வையுங்கள். இதோடு ஒப்பிட்டால் பழைய சினிமாவின் நிலைமை பரவாயில்லை. மௌனப் படங்களும் ஆரம்பகாலப் பேசும் படங்களும் பெரும்பாலும் அழிந்துவிட்டன, ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த காகிதம் பிழைத்திருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமாப் பத்திரிகைகளும் இருக்கின்றன. படம் இல்லாவிட்டாலும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டுகள் எல்லாம் கிடைக்கும். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியாவில் சினிமாவின் நிலையை ஆராய 1927-28இல் அமைந்த சினிமாட்டோகிராஃப் குழு 353 பேரிடம் வாய்மொழிச் சாட்சியம் கேட்டது. கொட்டகைக்காரர்கள், தயாரிப்பாளர்கள், கல்வியாளர்கள் என்று பலர் பேசியதைத் தொகுதிகளாக அச்சிட்டார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டினால் நாள் போவதே தெரியாது. எப்போதாவது தொலைக்காட்சி வழி அடைபட்டால் நீங்கள் திரும்பக்கூடிய பக்கம் இது. புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வேலை பார்க்கும் இடத்தின் ஸ்கிரிப்ட், ரஷ் (வெட்டாத காட்சிகள்), வாட்ஸாப் உரையாடல் எதையும் ஆய்வுக்கென்று நகலெடுக்காதீர்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். சக ஊழியர் ஒருவர் சொன்னதைப் பயன்படுத்த அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும். பெயரையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் மறைக்க வேண்டும். உதவி இயக்குநர் ஒருவரின் வேலை உங்கள் அடிக்குறிப்பால் போய்விடக் கூடாது.

அப்புறம், வழிகாட்டி. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இது முக்கியம். ஒரு பேராசிரியரைத் தேர்வு செய்யும் முன் அவர் மேற்பார்வையில் முடிந்த இரண்டு மூன்று ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் இறக்கிப் படியுங்கள். எல்லாமே ஒரே அச்சில் கேள்வித்தாள், சதவீதம், பை சார்ட் என்று இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டிவரும். அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம், கொடுத்த இயல் திருத்தத்தோடு திரும்பி வர எவ்வளவு நாளாகிறது என்று கேளுங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இரண்டு வருடமும், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடமும் தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. பகுதிநேரமாகவும் செய்யலாம், அதற்கு வேலை செய்யும் இடத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஜேஆர்எஃப் கிடைத்தால் முழுநேரம், கிடைக்காவிட்டால் பகுதிநேரம் என்பது என் யோசனை. கட்டுரை வெளியிடப் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை நம்ப வேண்டாம். 2025இல் யூஜிசி, நம்பகமான இதழ்களைத் தொகுத்த தன் கேர் பட்டியலைக் கைவிட்ட பிறகு, நல்ல இதழ் எது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம்மிடமே வந்துவிட்டது. தெற்காசியத் திரை ஆய்வுக்கென்றே 2010இலிருந்து வரும் பயாஸ்கோப் இதழைத் தொடர்ந்து படியுங்கள்.

வெளிநாட்டுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. இடங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஐந்து வருடமளவு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். எழுத்து மாதிரி ஒன்றும் பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் கேட்பார்கள். பிரிட்டனில் தலைப்பும் வழிகாட்டியும் முடிவான பிறகுதான் விண்ணப்பம். வெளிநாட்டு மாணவருக்கு நிதி கிடைப்பது கடினம். சொந்தப் பணத்தையோ கடனையோ போட்டு இந்தத் துறையில் பிஎச்.டி. செய்யப் போகாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். முடித்த பிறகு அங்கே நிரந்தர வேலை கிடைப்பது வருடா வருடம் கடினமாகிறது. முழு நிதியோடு இடம் கிடைத்தால் தயங்காமல் போங்கள். நெட் படிக்கும் காலத்திலேயே ஆங்கிலத்தில் இருபது பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி முடித்தால் அது இரண்டு வழிக்கும் உதவும்.

அந்தக் கட்டுரை தயாரானதும் வழிகாட்டியாக நினைப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சிறுவயதிலிருந்தே எனக்கு சினிமா பிடிக்கும் என்ற வரி அதில் தேவையில்லை. சீரியல் எடிட்டராக எத்தனை வருடம் இருந்தீர்கள், அங்கே உங்களுக்குப் புரியாமல் இருந்தது என்ன, அதற்கான பொருள் எங்கே கிடைக்கும், அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியைத் தொடுகிறது, நெட்டில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.