முதிய மின்நிலையத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு?

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஓடும் ஓர் அனல் மின்நிலையத்தின் கொதிகலனைச் சோதித்தவர்கள், ‘இன்னும் பத்தாண்டு தாங்கும்’ என்று சொன்னார்களாம். இரும்புக் குழாயின் ஆயுளை இப்படிக் கணித்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ‘பத்தாண்டு’ என்று மொட்டையாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சுமார் 540 டிகிரி செல்சியஸில் நீராவியைச் சுமக்கும் எஃகு, தாங்கக்கூடிய அழுத்தத்தில் இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரிந்துகொண்டே போகும். இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் க்ரீப். பழைய கொதிகலன்களின் உயர்வெப்பப் பாகங்கள் பலவும் 1,00,000 மணி நேரத்துக்கு, அதாவது இடைவிடாமல் ஓடினால் பதினொன்றரை ஆண்டுக்குக் குறைவான காலத்துக்கே கணக்கிடப்பட்டவை. உலோகத்தின் வலிமையைக் குறைத்தே மதிப்பிட்டு வடிவமைத்ததால்தான் அவை முப்பது ஆண்டுகளைத் தாண்டுகின்றன.

அந்தக் கையிருப்பில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. வெப்பத்தையும் உலோகத்தின் ஆயுளையும் இணைத்து 1952-இல் லார்சன், மில்லர் என்ற பொறியாளர்கள் வெளியிட்ட சூத்திரத்தில் வழக்கமான மாறிலியான 20-ஐ இட்டுப் பாருங்கள்: அழுத்தம் மாறாமல் 540 டிகிரி 550 ஆனாலே, 1,00,000 மணி நேர ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே எத்தனை ஆண்டு ஓடியது என்பதைவிட எந்த வெப்பத்தில் ஓடியது என்பதே முக்கியம். பதிவேடுகள் இதை முழுமையாகச் சொல்வதில்லை. ஆனால் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாயின் உட்சுவரில் நீராவியால் படியும் ஆக்சைடு அடுக்கின் தடிமனை மீயொலியால் அளந்தால், உலோகம் பட்ட வெப்பத்தை மதிப்பிடலாம். ஏட்டில் எழுதாமல் விட்டதைக் குழாயே சொல்லிவிடும்.

அடுத்தது ரெப்ளிகா சோதனை, அதாவது உலோகப் பரப்பை அச்செடுத்துப் பார்ப்பது. பற்றவைப்பை ஒட்டிய இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்து, அசிட்டோனில் இளக்கிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, உலர்ந்ததும் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். படிகங்களின் எல்லையில் நுண்துளைகள் ஆங்காங்கே தனித்தனியாக இருந்தால் குறித்த இடைவெளியில் மீண்டும் பார்த்தால் போதும். அவை வரிசைகட்டி நின்றால் கவனம் கூட வேண்டும். விரிசலாக இணைந்துவிட்டால் பழுதுபார்ப்பதோ மாற்றுவதோதான் வழி. அடிக்கடி நிறுத்தி மீண்டும் மூட்டும் நிலையமானால், பல குழாய்கள் வந்து சேரும் தடித்த ஹெடர்களும் டர்பைனின் சுழலும் பாகமான ரோட்டரும் வெப்ப ஏற்றத்தாழ்வால் சோர்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே, எந்த வெப்பத்தில், எத்தனை முறை மூட்டினால், அடுத்த ஆய்வு எப்போது என்ற மூன்றும் இல்லாத சான்றிதழ் அரைகுறையானது.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயை மாற்றினால் அது புதியதாகிவிடுமா?

பதில்: ஆகாது. அதன் ஆயுள் கம்பிச் சுருளைச் சுற்றியுள்ள காகிதத்தில் இருக்கிறது. புதிய காகிதத்தில் ஒவ்வொரு செல்லுலோஸ் சங்கிலியிலும் சராசரியாக 1,000 கண்ணிகள் அளவில் இருக்கும். அது 200-ஐ நெருங்கினால் காகிதம் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கொள்வார்கள். காகிதம் சிதையும்போது எண்ணெயில் கரையும் ஃபியூரான் சேர்மங்களை அளந்து, பெட்டியைத் திறக்காமலே இதை மதிப்பிடுகிறார்கள். எண்ணெயை மாற்றினால் அந்தத் தடயமும் போய்விடும். மாற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடச் சொல்லுங்கள்.