வாசகர் கேள்வி – பதில்: பொம்பெயிக்குப் புறப்படும் முன்

இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்தபோது சாம்பலுக்கடியில் புதைந்துபோன ரோமானிய நகரமான பொம்பெயியைக் காணச் செல்ல விரும்பும் வாசகர்கள் அனுப்பியுள்ள கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: மே மாதம் குடும்பத்துடன் ரோமில் ஐந்து நாட்கள் தங்குகிறோம். அதில் ஒரு நாளில் பொம்பெயி, வெசுவியஸ் மலை உச்சி, நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் மூன்றையும் முடித்துக்கொண்டு இரவே ரோமுக்குத் திரும்பிவிட முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

திரும்பிவிடலாம், ஆனால் மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பொம்பெயி ஒற்றைக் கோயிலோ ஒரு வெற்றி வளைவோ அன்று. ஏறத்தாழ 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் முழு நகரம் அது. 1748இல் தொடங்கிய அகழாய்வு இரண்டரை நூற்றாண்டுகளைக் கடந்தும் அங்கே முடியவில்லை; நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரை இரண்டு மணி நேரத்தில் சுற்றி வருபவர்கள், எல்லா வீதிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று சலித்துக்கொண்டு வெளியே வருவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே ரோமில் தங்கும் நாட்களில் இரண்டைக் குறைத்து, அந்த இரண்டு இரவுகளை நேப்பிள்ஸில் கழியுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒரு நாள் முழுவதையும் பொம்பெயிக்குக் கொடுங்கள். மறுநாள் காலை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். இவை இரண்டும் தனித்தனி இடங்கள் என்று எண்ண வேண்டாம். பொம்பெயியில் நிற்பவை சுவர்களும் வீதிகளும். அந்த வீடுகளுக்குள் இருந்த சிலைகள், வெண்கலப் பாத்திரங்கள், கரியாகிப்போன ரொட்டி, சிறந்த சுவரோவியங்கள் எல்லாம் பெரும்பாலும் நேப்பிள்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. 1831இல் ‘ஃபானின் வீடு’ எனப்படும் மாளிகையின் தரையில் கண்டெடுக்கப்பட்ட அலெக்சாண்டர் மொசைக்கின் (சிறு வண்ணக் கற்களைப் பதித்து உருவாக்கிய ஓவியம்) மூலம் அருங்காட்சியகத்துக்கு உரியது; அந்த வீட்டில் நீங்கள் பார்ப்பது அதன் நகல். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் நாளைக் கணக்கிட்டுக்கொண்டு செல்லுங்கள்.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால், மலை உச்சியையும் அருங்காட்சியகத்தையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அங்கே அதே நிலையத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, ‘சிர்க்கும்வெசுவியானா’ என்னும் உள்ளூர் ரயிலில் ஏற வேண்டும். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். சொரென்டோ செல்லும் ரயிலில் ஏறி, ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ என்ற நிறுத்தத்தில் இறங்கினால் வாயில் எதிரிலேயே இருக்கிறது. வேறு தடங்களும் அதே நிலையத்திலிருந்து புறப்படுவதால், ‘பொம்பெயி’ என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு ஏறக் கூடாது. நான் முதன்முறை சென்றபோது பலகையைச் சரியாகப் பார்க்காமல் வேறு தடத்தில் ஏறி, காலை நேரத்தில் ஒரு மணியை முழுதாக இழந்தேன். வெயில் ஏறாத அந்த ஒரு மணி நேரம் பொம்பெயியில் மிகவும் அருமையானது.

நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பு விதிக்கப்பட்டு, சீட்டில் பார்வையாளரின் பெயரும் இடம்பெறுகிறது. கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அனைவருக்குமே இலவசம். கூட்டம் அலைமோதும் என்பதால் தொலைவிலிருந்து வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: தவறவிடக் கூடாத பத்து இடங்களைப் பட்டியலிட்டுத் தர இயலுமா? (வாசகி, திருநெல்வேலி)

பட்டியலுக்கு மாறாக ஒரு வீதியைத் தருகிறேன். நகர மன்றத் திடலிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ‘வியா தெல்லபொந்தான்சா’, பொம்பெயியின் கடைவீதி. அதன் நீரூற்று ஒன்றில் வளமைக் கொம்புடன் செதுக்கப்பட்டிருக்கும் பெண்ணுருவை வளமையின் தேவி என்று பிற்காலத்தார் தவறாகக் கருதியதால், வீதிக்கு ‘வளமை வீதி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த நீரூற்றுத் தொட்டிகளின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து, கல் அந்த இடத்தில் மட்டும் வழுவழுப்பாகக் குழிந்திருக்கும். உங்கள் உள்ளங்கையை அங்கே வைத்தால் அப்படியே பொருந்திக்கொள்ளும்.

தெருவின் குறுக்கே உயரமான கற்கள் இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டிருக்கின்றன. நிரம்பி வழிந்த தண்ணீரும் கழிவும் ஓடிய தெருவைப் பாதம் நனையாமல் கடக்க வைத்த கற்கள் அவை. இடைவெளிகள் வண்டிச் சக்கரங்களுக்கானவை. அந்தச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் பாறையில் ஆழமாகப் பதிந்துள்ளன. கடைகளின் வாசற்படியில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பதையும் கவனியுங்கள். நம் ஊரின் பழைய கடைகளில் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகிக் கடையை அடைத்த முறையை அறிந்தவர்களுக்கு, அந்தப் பள்ளம் எதற்கு என்பதை எந்த வழிகாட்டியும் விளக்க வேண்டியதில்லை.

அதே வீதியில், மேடையில் சாடிகள் புதைத்த உணவுக்கடைகள் சில உள்ளன. வெதூத்தியஸ் பிளாசிடஸ் என்பவருடையதாகக் கருதப்படும் கடையின் சாடி ஒன்றில் ஏறத்தாழ 3 கிலோ நாணயங்கள் கிடைத்தன. எரிமலை வெடித்த நாளில் கல்லாவை எடுத்துக்கொண்டு ஓட நேரமில்லாமல் போயிருக்கலாம்; திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பியும் இருக்கலாம். சற்று விலகிச் சந்துகளுக்குள் நுழைந்தால் ரொட்டிச் சூளைகளைக் காணலாம். இடை சிறுத்த எரிமலைக்கல் திருகைகளைக் கழுதைகளும் அடிமைகளும், நம் செக்கைப் போலச் சுற்றிச் சுற்றி இழுத்தார்கள்.

வீதியின் கிழக்குக் கோடியை நெருங்கியதும் வலப்புறம் திரும்பினால் அரங்கம். கி.மு. 70 வாக்கில் கட்டப்பட்டது. கல்லாலான வட்டரங்குகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது. கி.பி. 59இல் பக்கத்து ஊரான நூக்கேரியாவின் மக்களுடன் இங்கே மூண்ட கலவரத்தில் பலர் இறந்ததால், ரோம் செனட் பத்து ஆண்டுகளுக்கு விளையாட்டுகளைத் தடை செய்தது. இவ்வளவையும் பார்த்த பிறகு நேரமும் தெம்பும் மிஞ்சினால், இருபது ஆண்டுகளுக்குப் பின் 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட வெத்தியர் வீட்டையும், மதிலுக்கு வெளியே சிவப்புச் சுவரோவியங்கள் கொண்ட ‘மர்மங்களின் மாளிகை’யையும் பாருங்கள்.

கேள்வி: எழுபது வயதான என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துச் செல்லலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

அழைத்துச் செல்லலாம்; வாயிலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பியாத்சா அன்ஃபித்தியாத்ரோ வாயிலிலிருந்து, மேடு பள்ளமான கற்களைத் தவிர்த்துச் செல்லும் தனிப் பாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் அமைத்திருக்கிறார்கள். அதில் முடிந்த தொலைவு வரை சென்று திரும்பலாம். நிழல் மிகக் குறைவு என்பதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை அறவே தவிருங்கள். ஏப்ரல், மே, அக்டோபர் ஏற்றவை. ஆங்காங்கே குடிநீர்க் குழாய்கள் உண்டு, வெறும் போத்தல் போதும். பெரிய பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை.

தாயாருக்கு அதுவும் கடினம் என்று தோன்றினால், அருகிலுள்ள ஹெர்குலேனியத்தை மட்டும் பாருங்கள். அது சிறியது, இரண்டு மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம். பொம்பெயியைப் போல் கற்குழம்புத் துகள்கள் மழையாகப் பொழிந்து கூரைகளை நொறுக்காமல், வெப்பமான சாம்பல் பெருக்கு இந்த ஊரை ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் மூடியதால், மாடிகளும் மரக்கதவுகளும் கட்டிலும்கூடக் கரியாகி நிலைத்திருக்கின்றன. அதே உள்ளூர் ரயில் தடத்தின் ‘எர்கொலானோ ஸ்காவி’ நிறுத்தத்திலிருந்து கடலை நோக்கிச் சரிவாக இறங்கும் தெருவில் நடந்தால் வாயில் வரும். திரும்பும்போது அது ஏற்றம் என்பதை நினைவில் வைத்து, தாயாருக்கு வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே காட்டப்படும் மனித உருவங்கள் உண்மையான உடல்களா? பிள்ளைகள் அஞ்சுவார்களா? (வாசகி, சேலம்)

சாம்பல் இறுகிய பின் உடல் சிதைந்து, அது கிடந்த இடத்தில் வெற்றிடம் எஞ்சியது. 1863இல் அகழாய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களில் பாரிஸ் சாந்தை ஊற்றி வார்த்தெடுக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். ஆகவே மேலே தெரிவது சாந்து; உள்ளே எலும்புகள் இருக்கின்றன. ‘தப்பியோடியோர் தோட்டத்தில்’ பதின்மூன்று பேரின் வார்ப்புகள், அவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு முன்னதாகவே எடுத்துச் சொல்லிவிட்டால் அவர்கள் அஞ்சுவதில்லை. பெரியவர்களைக் காட்டிலும் அமைதியாக நிற்கிறார்கள்.

வழிகாட்டிகள் சொல்லும் குடும்பக் கதைகளை மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம். தங்கக் காப்பு அணிந்து, மடியில் குழந்தையுடன் இறந்த தாய் என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டவர், அக்குழந்தைக்கு உறவில்லாத ஓர் ஆண் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உயிர் பிரியும் வேளையில் யாரோ ஒருவர் யாருடைய குழந்தையையோ பக்கத்தில் வைத்திருந்தார் என்பது எனக்குப் பழைய கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. அவர்களோடு சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வதைத் தயவுசெய்து தவிருங்கள்.

கேள்வி: பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்ததாமே? அதை எங்கே பார்க்கலாம்? (வாசகர், மதுரை)

1938இல், மேலே சொன்ன அதே கடைவீதியை ஒட்டிய வீடொன்றில் கிடைத்தது. கால் மீட்டர் உயரமே உள்ள, யானைத் தந்தத்தில் செதுக்கிய பெண்ணுருவம். இருபுறமும் இரு சிறிய பணிப்பெண்கள். லட்சுமி என்று முதலில் கருதினார்கள்; யட்சியாக இருக்கலாம் என்பதே இன்று பலரின் கருத்து. உச்சியில் துளை இருப்பதால் மேசை போன்ற ஏதோ ஒன்றின் பகுதியாகவோ கண்ணாடியின் பிடியாகவோ இருந்திருக்க வேண்டும். அடியில் உள்ள எழுத்துக் குறி, இந்தியாவின் வடமேற்கில் வழங்கிய பழைய எழுத்துமுறையான கரோஷ்டி. ஒத்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் போகர்தனிலும் தேரிலும் கிடைத்துள்ளன. எனவே இது தமிழகத்திலிருந்து சென்றது என்று சொல்ல ஆதாரமில்லை. தமிழகத் துறைமுகங்களின் தொடர்புக்கு வேறு வலுவான சான்றுகள் உண்டு: 1945இல் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியெடுத்த இத்தாலிய மட்கலங்களையும், எகிப்தின் பழந்துறைமுகமான பெரெனிக்கேயில் இந்தியச் சாடியொன்றில் கிடைத்த ஏழரைக் கிலோ மிளகையும் சொன்னாலே போதும்.

சிலை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில், ‘இரகசிய அறை’ எனப்படும் பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. சிற்றின்ப ஓவியங்களும் சிலைகளும் உள்ள அறை அது. பிள்ளைகளோடு செல்பவர்கள் அதை அறிந்தே உள்ளே நுழையுங்கள். சிறிய பொருள் என்பதால் எளிதில் கடந்துபோய்விடுவீர்கள். கண்ணாடிப் பேழைக்குப் பின்புறமும் சென்று பாருங்கள். இடை வரை பின்னித் தொங்கும் கூந்தலும், கை நிறைய அடுக்கிய வளையல்களும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.