நல்ல ஆள் இல்லையா, இருக்க விடவில்லையா? கேட்டதும் சொன்னதும்

சென்னை மாநகராட்சியில் மழைநீர் வடிகால் வேலையிலேயே காலம் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான், வீடு தண்டையார்பேட்டை. 'கவர்ன்மென்டில் முன்யோசனை உள்ள ஆளே கிடையாது' என்று ரெண்டு நாளாக எல்லோரும் திட்டுகிறீர்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழை வந்தாலே தண்ணி. வியாசர்பாடிக்காரன் நீந்தியே பழகணுமா?

தம்பி, நம்ம பக்கம் நிலமே தட்டை. தெருத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகணும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தாலோ கடல் ஏறி நின்றாலோ, தெருவில் எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் அது வெறும் தொட்டிதான். தெரு மாநகராட்சியிடம், கால்வாய் நீர்வளத்துறையிடம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க ஒரு நாற்காலி வேண்டும், அதுதான் இல்லை.

அப்படி யோசித்தவர் யாராவது இருந்தாரா சார்?

மேட்லி என்று ஒரு இன்ஜினீயர், தி.நகரில் அவர் பேரில் ரோடே இருக்கிறது. 1910 வாக்கில் பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் போட்டபோதே 1961-இல் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு 6.6 லட்சம், வந்ததோ 17 லட்சத்துக்கும் மேல். தப்புதான், ஆனாலும் ஐம்பது வருஷம் தள்ளிப் பார்த்தாரே! இப்போது நிதியாண்டு முடிகிற மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழிப்பதே திட்டம்.

ஐஏஎஸ் பாஸ் பண்ணி வருகிறவர்களுக்கு அறிவு இல்லையா?

அறிவு இருக்கிறது, ஆளைத்தான் ஒரே இடத்தில் இருக்க விடுவதில்லை. ஒரு தெருவுக்கு லெவல், அதாவது தரை எங்கே உயரம் எங்கே தாழ்வு என்ற அளவு, எடுத்துக் கொடுத்தேன், அப்போதிருந்த அதிகாரி வெயிலில் கூடவே நடந்து புரிந்துகொண்டார், எட்டே மாதத்தில் மாற்றல். அடுத்தவர் முதலிலிருந்து கேட்டார், அதற்கடுத்தவர் வந்தபோது ஃபைலையே காணோம். வடிகால் கட்டினார்கள், சரிவு எதிர்ப்பக்கம்! அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் நிர்ணயிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பு கொடுத்தது. மாற்றல் ஆர்டர் வருகிற வேகம்தான் குறையவில்லை.

வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவந்தால்?

வரட்டும். அவரையும் எட்டு மாதத்தில் தூக்கினால் என்ன பிரயோஜனம்?

ஐயா, கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்கிறேன். நாங்கள் என்ன செய்யலாம்?

2016-லிருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே இல்லை அம்மா, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் ஓடின வருஷங்கள் அவை. 2022-இல் 200 வார்டுக்கும் தேர்தல் நடந்து ஆள் வந்தார்கள். 'எப்போது முடிப்பீர்கள்' என்று கேட்காதீர்கள், 'முடித்துவிடுவோம்' என்பார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, போடுங்கள்: உங்கள் தெரு வடிகாலின் லெவல் வரைபடமும், அது எந்தக் கால்வாயில் எந்த உயரத்தில் சேருகிறது என்பதும் வேண்டும் என்று. முப்பது நாளில் பதில் தரணும். வந்ததும் இங்கே போடுங்கள், சரிவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.